கடல் பெரிது என்பது பதிலாகாது

கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையின் கழிவுநீரைப் பற்றி யார் எங்கே கேள்வி எழுப்பினாலும் திரும்பி வரும் பதில் ஒன்றுதான். சுத்திகரிக்கிறோம், குழாய் வழியாகக் கடலுக்குள் கொண்டுபோய் விடுகிறோம், கடல் பெரிது, அதில் கலந்தால் இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோகும். ஆலைக்காரர்கள் மட்டும் இப்படிச் சொன்னால் அதற்கொரு காரணம் உண்டு என்று விட்டுவிடலாம். பொறியாளர்கள் சொல்கிறார்கள், அதிகாரிகள் சொல்கிறார்கள், வேதியியலில் பட்டம் வாங்கியவர்களும் தயக்கமில்லாமல் சொல்கிறார்கள். எதிர்த்துப் போராடுகிறவர்களில்கூடப் பலர் இந்தக் கருத்தை மறுப்பதில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போடுங்கள் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கொள்கையை ஒப்புக்கொண்டுவிட்டுத் தூரத்துக்குப் பேரம் பேசுகிறார்கள்.

கொள்கையே தவறு என்பதுதான் என் வாதம். அதற்குள் மூன்று படிகள் இருக்கின்றன. தண்ணீர் கூடக்கூடப் பொருள் கரையும் என்பது ஒன்று. கரைந்தது எங்கும் பரவிவிடும் என்பது அடுத்தது. கரையாமல் அடியில் தங்கினால் அது யாரையும் ஒன்றும் செய்யாது என்பது மூன்றாவது. சர்க்கரைக்கும் சாப்பாட்டு உப்புக்கும் முதல் இரண்டும் பொருந்தும். உலோகங்களுக்கு மூன்றில் ஒன்றுகூட நிலைக்காது.

இதைக் காட்ட நான் எடுத்துக்கொள்வது பிஸ்மத். கடலூர்க் கழிவில் பிஸ்மத் ஓடுகிறது என்று நான் குற்றம் சாட்டவில்லை. அங்கே பேச வேண்டியவை ஈயம், துத்தநாகம், குரோமியம், காட்மியம், பாதரசம் போன்றவை. ஆனால் மற்ற உலோகங்கள் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் செய்வதை பிஸ்மத் அரை நிமிடத்தில் கண்முன்னே செய்து காட்டுகிறது. தனிம வரிசையில் ஈயம் 82ஆம் எண், பிஸ்மத் 83. அடுத்த வீடு.

சிதம்பரத்திலும் கடலூரிலும் பி.எஸ்சி. வேதியியல் படித்தவர்கள் 'சால்ட் அனாலிசிஸ்' செய்யாமல் தேறியிருக்க முடியாது. இரண்டாம் தொகுதியில் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவைச் செலுத்துகிறோம். கரும்பழுப்பாக ஒரு வீழ்படிவு வருகிறது. அதைச் சூடான நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அம்மோனியா விடுகிறோம். தாமிரமாக இருந்தால் கரைசல் கருநீலமாகும். காட்மியமாக இருந்தால் முதலில் விழுந்த வெண்மை அம்மோனியா கூடியதும் மறைந்துவிடும். வெண்மை மறையாமல் நின்றால் அது பிஸ்மத்தாக இருக்கலாம். உறுதி செய்ய அந்த வெண்மையை வடிகட்டி, சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும். இப்போது கரைசல் கண்ணாடி போலத் தெளிவு. அதை ஒரு பீக்கர் நிறையத் தண்ணீரில் ஊற்ற வேண்டும்.

பீக்கர் பால் போல வெளுத்துவிடும்.

கூடுதலாக எந்த மருந்தும் சேர்க்கவில்லை. தண்ணீர் ஒன்றுதான் சேர்ந்தது. அமிலத்தில் தெளிவாகக் கரைந்திருந்த பொருளைத் தண்ணீர் கரையாத பொருளாக்கி வெளியே தள்ளிவிட்டது. வெளுத்தது பிஸ்மத் ஆக்சிகுளோரைடு. கொஞ்ச நேரம் விட்டால் அடியில் இறங்கிப் படியும். அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மறுபடியும் தெளிந்துவிடும். மறுபடியும் தண்ணீர் விட்டால் மறுபடியும் வெளுக்கும். மாணவர்கள் இதைச் செய்துவிட்டு, 'பிஸ்மத் உறுதி' என்று பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, பீக்கரைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போகிறார்கள். மதிப்பெண்ணுக்கு அது போதும். தண்ணீர் விட்டால் ஏன் கரையவில்லை என்ற கேள்வியை மட்டும் வகுப்பில் யாரும் எழுப்புவதில்லை. அதைக் கேட்டுப் பழகியிருந்தால், அதே மாணவர்கள் நாளை சுற்றுச்சூழல் பொறியாளராகவும் ஆலை மேலாளராகவும் வந்து உட்காரும்போது 'கடல் பெரிது' என்ற வாக்கியம் அவர்கள் வாயில் வராது.

விடை இதுதான். அமிலத்தில் பிஸ்மத் தனியாக இல்லை. ஓர் அணுவை நான்கு குளோரைடுகள் சூழ்ந்து ஓர் அயனியாக நிற்கிறது. அந்த நிலையில்தான் அது கரைந்திருக்கிறது. தண்ணீர் அதைத் தாக்கினால் ஆக்சிகுளோரைடு விழும். கூடவே மூன்று குளோரைடு அயனிகளும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளும் விடுபடும். கரைந்த பக்கத்தில் ஒன்று, விழுந்த பக்கத்தில் ஐந்து. இப்போது தண்ணீரைப் பத்து மடங்காக்கிப் பாருங்கள். கரைந்த பக்கத்து அயனியின் செறிவு பத்தில் ஒன்றாகிறது. எதிர்ப்பக்கத்தில் ஐந்து செறிவுகளைப் பெருக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்தில் ஒன்றானதால் பெருக்குத்தொகை லட்சத்தில் ஒன்றாகிவிடுகிறது. சமநிலையிலிருந்து கரைசல் பத்தாயிரம் மடங்கு விலகி நிற்கிறது. விலகியதை ஈடுகட்ட அதற்குத் தெரிந்த ஒரே வழி, மேலும் மேலும் வீழ்படிவைக் கொடுப்பதுதான். தண்ணீர் கூடக்கூட விழுவதற்கான உந்துதலும் கூடுகிறது. 'நீர்த்தல்' என்ற செயல் இங்கே கரைப்பதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது.

இதை விதிவிலக்கு என்று தள்ளிவிட நினைப்பவர்களுக்கு பிஸ்மத்தின் இன்னும் இரண்டு நடத்தைகளைச் சொல்கிறேன்.

வயிற்றுப் புண்ணுக்குத் தரும் மாத்திரைகளில் கூழ்ம பிஸ்மத் சப்சிட்ரேட் என்று ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1982இல் வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான கிருமியை வளர்த்துக் காட்டினார்கள்; 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தக் கிருமிக்கு எதிராக இன்றும் எதிருயிரி மருந்துகளோடு சேர்த்துத் தரப்படுவது இந்த பிஸ்மத். இது சாதாரணத் தண்ணீரில் நன்றாகக் கரையும். வயிற்று அமிலத்தில் இறங்கியதும் வீழ்படிவாகிப் புண்ணின் மேல் படியும். மேலே சொன்ன பிஸ்மத் அமிலத்தில் கரைந்து தண்ணீரில் விழுந்தது. இந்த பிஸ்மத் தண்ணீரில் கரைந்து அமிலத்தில் விழுகிறது. உலோகம் ஒன்றே. குளோரைடுக்குப் பதில் சிட்ரேட் கூட இருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்று, மூலிகைச் சாறுகளில் ஆல்கலாய்டு இருக்கிறதா என்று பார்க்க மருந்தியல் ஆய்வகங்களில் வைத்திருக்கும் டிராகன்டார்ஃப் கரைசல். 1866ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பிஸ்மத் கரைசலில் பொட்டாசியம் அயோடைடைக் கொஞ்சமாக விட்டால் கறுப்பாக ஒரு படிவு விழும். அதையே நிறைய விட்டால் கறுப்பு கரைந்து பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் தெளிந்த கரைசலாகிவிடும். விழவைத்ததும் அயோடைடுதான், கரையவைத்ததும் அயோடைடுதான். அளவு மட்டும் மாறியது.

எனவே 'இந்த உலோகம் கரையும்', 'அந்த உலோகம் கரையாது' என்று பொதுவாகச் சொல்வதற்குப் பொருளே இல்லை. எந்த அமிலத்தன்மையில், எந்த அயனிகளோடு, எவ்வளவு நீரில் என்று சொன்னால்தான் வாக்கியம் முடியும். கழிவுநீர்க் குழாயின் ஒரு முனையில் இருந்த அமிலத்தன்மையும் அயனிகளும் வேறு. மறுமுனையில் கடலில் இருப்பவை வேறு. முதல் முனையில் தெளிவாகக் கரைந்திருந்தது என்பதை வைத்து மறுமுனையில் கரைந்தே பரவும் என்று முடிவுகட்டுவது, அமிலச் சோதனைக் குழாயைப் பார்த்துவிட்டு பீக்கரைப் பார்க்காமலே பதிவேட்டில் எழுதுவதாகும்.

பிஸ்மத் ஆய்வகத்துக்குள் இருக்கும் பொருள், எங்களுக்கு அதெல்லாம் தெரியாது என்று சொல்பவர்களும் இதே வேதியியலை வீட்டில் பார்த்தவர்கள்தான். 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்தில் கிணறுகள் கலங்கிக் கிடந்தபோது நாம் என்ன செய்தோம்? படிகாரத்தைத் தேடினோம். படிகாரம் தண்ணீரில் கரைகிறது. கரைந்த மறுகணம் அதிலுள்ள அலுமினியத்தைத் தண்ணீர் தாக்கி, கொழகொழப்பான ஹைட்ராக்சைடாக மாற்றுகிறது. அது சேற்றையும் இழுத்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. கரைந்த உலோகம் கரையாத உலோகமாவதால்தான் தண்ணீர் தெளிகிறது. கடற்கரை ஊர்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் பிடித்தால் பிடிக்கும்போது தெளிவாக இருக்கிறது; மறுநாள் அடியில் செம்மண் கரைத்தது போல் படிந்துகிடக்கிறது. நிலத்தடியில் கரைந்திருந்த இரும்பு காற்றுப் பட்டதும் கரையாத வடிவத்துக்குப் போய்விட்டது. குடத்தில் நடப்பது கடலில் நடக்காது என்று எதை வைத்துச் சொல்கிறோம்?

கடலில் நடக்கிறது. பெருமளவில் நடக்கிறது. நிலம் தோன்றிய காலம் முதல் ஆறுகள் பாறைகளைக் கரைத்துக் கடலில் சேர்த்துவருகின்றன. பிஸ்மத்தும் அப்படியே போய்ச் சேர்ந்துகொண்டிருக்கிறது. ஆனாலும் கடல்நீரில் கரைந்திருக்கும் பிஸ்மத் லிட்டருக்கு ஒரு நானோகிராமுக்கும் வெகு கீழே. கடல் பெரிதாக இருப்பதால் நீர்த்துப்போய்விட்டது என்று இதற்கு விளக்கம் சொன்னால் அது கணக்குக்கு ஒத்துவராது. அதே ஆறுகள் கொண்டுவந்த சோடியம் அதே பெரிய கடலில் லிட்டருக்குப் பத்து கிராமுக்கு மேல் தேங்கியிருக்கிறது. சோடியம் உண்மையாகவே கரைந்து பரவுகிற பொருள். ஒரு சோடியம் அயனி கடலில் சராசரியாகப் பல கோடி ஆண்டு தங்குகிறது. பிஸ்மத் சில பத்தாண்டுகளே தங்குகிறது. அதற்குள் இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுத் துகள்களிலும் உயிர்த்துகள்களிலும் ஒட்டிக்கொண்டு அடியில் இறங்கிவிடுகிறது. ஆழ்கடல் தரையில் கிடக்கும் மாங்கனீசு முடிச்சுகளில் பிஸ்மத் செறிந்திருப்பது இதனால்தான். ஆக, கடல்நீரில் ஓர் உலோகம் குறைவாக இருப்பது அது பரவிவிட்டதற்குச் சான்றாகாது. பல நேரம் அது அடியில் இறங்கிவிட்டதற்குச் சான்று.

ஈயம் பிஸ்மத் அளவுக்கு அவசரப்படாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் துகள்களை நாடும் உலோகம்தான். கடல்நீரின் மெல்லிய காரத்தன்மையும் அதிலுள்ள கார்பனேட்டும் அலைக்குள் மிதக்கும் களிமண்ணும் அதை நெடுநாள் கரைந்திருக்க விடுவதில்லை. கரையோரத்தில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆற்றுநீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் மின்சுமையோடு வருகின்றன. உப்புநீர் பட்டதும் அந்த விலக்கம் அடங்கி, துகள்கள் திரண்டு, தங்களிடம் ஒட்டிய உலோகங்களையும் சேர்த்துக்கொண்டு விழுகின்றன. கெடிலமும் உப்பனாறும் கடலைச் சந்திக்கும் கடலூர் முதுநகர் முகத்துவாரத்திலும், பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றுக் கழிமுகத்திலும், பிச்சாவரத்தின் கால்வாய்களிலும் அன்றாடம் இரண்டு வேளை ஓதம் ஏறி இறங்கும்போது நடப்பது இதுவே. சிப்காட் ஆலைகள் உட்கார்ந்திருப்பது கடலூர்–சிதம்பரம் சாலைக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே. ஆலையிலிருந்து தப்பி வரும் உலோகம் வங்கக்கடலின் நடுவே போய்க் கரையாது. போகிற வழியில், கரைக்குப் பக்கத்தில், சேற்றில் இறங்கும்.

நீர்த்தல் எதற்குமே உதவாது என்று நான் சொல்லவில்லை. வெறும் அமிலத்தைக் கடல் எளிதாக ஈடுகட்டும். சாதாரண உப்பு கடலுக்கு ஒரு பொருட்டே இல்லை. சூடான நீர் கலந்து ஆறிவிடும். அங்கே 'கடல் பெரிது' என்பது உண்மையான பதில். அந்த உண்மையை எடுத்துவந்து உலோகங்களுக்கும் போர்த்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

சட்டமே இந்தப் போர்வையைப் போர்த்தியிருக்கிறது என்பதுதான் வேதனை. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் கீழ் மத்திய அரசு வகுத்த கழிவுநீர்ப் பொதுத் தரநிலையை எடுத்துப் பாருங்கள். ஆறு, ஏரி போன்ற உள்நாட்டு நீர்நிலையில் விடுவதானால் ஈயம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கடற்கரையோரக் கடலில் விடுவதானால் 2.0 மில்லிகிராம் வரை இருக்கலாம். இருபது மடங்கு. துத்தநாகத்துக்கு உள்நாட்டில் 5, கடலில் 15. உயிரிகள் உறிஞ்சும் ஆக்சிஜன் தேவையில் உள்நாட்டில் 30, கடலில் 100. கரிமக் கழிவு சிதையக்கூடியது என்பதால் இதற்காவது ஒரு நியாயம் கற்பிக்கலாம். ஈயம் சிதையாது. ஈயத்துக்கு இருபது மடங்கு சலுகை தருவதற்குப் பின்னால் இருக்கும் ஒரே நினைப்பு, கடல் அதை நீர்க்கவைத்து இல்லாமல் ஆக்கிவிடும் என்பது. பாதரசத்துக்கு இரண்டு இடத்திலும் 0.01 என்று ஒரே வரம்பு வைத்திருக்கிறார்கள். ஏன் அங்கே கடலின் பெருமை எடுபடவில்லை? ஜப்பானில் மினமாட்டா கற்பித்த பாடம் உலகத்துக்கே தெரியும் என்பதால்.

அந்தப் பாடத்தின் ஒரு பக்கம் நம் ஊரில் அதிகம் பேசப்படவில்லை. மினமாட்டாவில் மீன் உண்டவர்களுக்கு நரம்புகள் செயலிழப்பது 1956இல் வெளியே தெரிந்தது. சிஸ்ஸோ ஆலை 1958இல் கழிவு விடும் இடத்தை மாற்றியது. ஒடுங்கிய துறைமுகப் பக்கத்திலிருந்து எடுத்து, திறந்த நீரை நோக்கிய ஆற்றுமுகத்துக்குக் கொண்டுபோனார்கள். நீர் அதிகமுள்ள இடம், நீர்த்துப்போகும் என்ற அதே கணக்கு. விளைவு, அதுவரை ஒரு விரிகுடாவோடு நின்ற நோய் ஷிரனூயி கடலோரத்தின் மற்ற ஊர்களுக்கும் பரவியது. ஆலை 1968இல் அந்தக் கழிவை நிறுத்தியது. நிறுத்திய பிறகும் பாதரசம் சேற்றில் கிடந்தது. 1977இல் தொடங்கி 1990 வரை சேற்றை உறிஞ்சி எடுத்து, விரிகுடாவின் ஒரு பகுதியையே 58 ஹெக்டேர் அளவுக்குத் தூர்த்து மூட வேண்டியிருந்தது. குழாயை உள்ளே தள்ளிப் போடுங்கள் என்று கேட்கிற நம் நண்பர்கள் இதைத்தான் கேட்கிறோம் என்று உணர வேண்டும்.

மூன்றாவது படிக்கு வருகிறேன். சரி, விழுந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், கரையாத பொருள் உடம்பில் ஏறாது, சேற்றில் கிடந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். இதற்கும் பிஸ்மத்தே பதில் சொல்லியிருக்கிறது, மனித உயிர்களை விலையாக வாங்கிக்கொண்டு.

பிஸ்மத் சப்நைட்ரேட் போன்ற உப்புகள் நீரில் கரையாதவை. கரையாதவை என்பதாலேயே குடலில் ஏறாது, தீங்கில்லை என்று பிரான்சில் மலச்சிக்கலுக்கும் குடல் கோளாறுகளுக்கும் மக்கள் கிராம் கணக்கில், மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில் விழுங்கினார்கள். 1970களில் அவர்களில் பலருக்குக் குழப்பம், கைகால் வெட்டியிழுப்பு, நடை தள்ளாட்டம் என்று மூளை நோய் தொடங்கியது. 1980க்குள் ஏறத்தாழ ஆயிரம் பேர் பாதிக்கப்பட்டார்கள். 72 பேர் இறந்தார்கள். மருந்தை நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் தேறிவிட்டார்கள். குறிப்பிட்ட அந்த ஆண்டுகளில் ஏன் இப்படி வெடித்தது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விளக்கம் இன்றும் இல்லை. குடலுக்குள் வேறேதோ ஒன்று அந்தக் கரையாத உப்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும் என்பது வலுவான கருத்துகளில் ஒன்று. மருத்துவர் சொன்ன அளவில், சில நாட்களுக்குத் தரப்படும் இன்றைய பிஸ்மத் மாத்திரையைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. நான் காட்ட விரும்புவது வேறு. 'கரையாதது' என்ற முத்திரை பீக்கரில் இருக்கும் சுத்தமான தண்ணீருக்கு மட்டுமே செல்லுபடியாகும். உயிருள்ள குடலுக்குள்ளோ உயிருள்ள சேற்றுக்குள்ளோ அதற்கு உத்தரவாதம் கிடையாது.

உப்பனாற்றுச் சேற்றையோ பிச்சாவரத்துச் சேற்றையோ காலால் கிளறிப் பார்த்தவர்களுக்கு அதன் கருமையும் அழுகிய முட்டை நாற்றமும் தெரியும். காற்றுப் புகாத அந்தக் கருஞ்சேற்றில் நுண்ணுயிர்கள் சல்பைடை உண்டாக்குகின்றன. ஆய்வகத்தில் ஹைட்ரஜன் சல்பைடை விட்டு நாம் விழவைக்கும் அதே சல்பைடுகளாக ஈயமும் தாமிரமும் காட்மியமும் அங்கே கட்டுண்டு கிடக்கின்றன. இதைச் சுட்டிக்காட்டி, இயற்கையே பூட்டி வைத்துவிட்டது, விட்டுவிடுங்கள் என்று ஒரு வாதம் உண்டு. அசையாமல் இருக்கும் வரை அது சரி. காற்றுப் பட்டால் சல்பைடு சல்பேட்டாகும். காட்மிய சல்பேட்டும் தாமிர சல்பேட்டும் துத்தநாக சல்பேட்டும் நன்றாகவே நீரில் கரைபவை. துறைமுக முகத்துவாரத்தில் மண் தூர்ந்தால் தூர்வாருகிறோம். ஆற்றோரத்தில் இறால் குட்டை வெட்டுகிறோம். நாம் கை வைக்காவிட்டாலும் 2011 கடைசியில் வந்த தானே புயல் கிளறியது, 2015 வெள்ளம் அரித்துப் புரட்டியது. இந்தக் கரையில் சேறு அசையாமல் இருக்கும் என்று திட்டம் போடுகிறவர் இந்த ஊர்க்காரராக இருக்க முடியாது.

சேற்றிலேயே இருந்தாலும் அதை உண்டு வாழும் உயிர்கள் உண்டு. மடவை மீன் சேற்றை மேய்கிறது. மட்டி சேற்றுநீரை வடிகட்டி உண்கிறது. நண்டு அதற்குள்ளேயே குடியிருக்கிறது. சோனாங்குப்பத்திலும் தைக்கால் தோணித்துறையிலும் சிறு வலையோடு ஆற்றில் இறங்குகிறவர்கள் பிடிப்பது இவற்றைத்தான். சந்தையில் விலைபோகாததை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமைக்கிறவர்களும் அவர்கள்தான். ஆழ்கடல் விசைப்படகு வைத்திருப்பவருக்கு வேறு கடல் இருக்கிறது. இவர்களுக்கு இந்தச் சேறுதான் வயல். 'கடல் பெரிது' என்ற பதிலால் நட்டப்படுகிறவர்கள் இவர்கள் என்பதால்தான் அந்தப் பதில் இத்தனை எளிதாகச் சொல்லப்படுகிறது என்று நான் நினைக்கிறேன்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இல் நாடெங்கும் 88 தொழில் பகுதிகளை மதிப்பிட்டு, 43ஐ மிக மோசமாக மாசுபட்டவை என்று பட்டியலிட்டது. தமிழ்நாட்டிலிருந்து வேலூர், மணலி, கோயம்புத்தூரோடு கடலூரும் அதில் இருந்தது. அப்படியிருந்தும் கொள்கை மாறவில்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது, நொய்யல் ஆற்றைக் காப்பாற்ற ஒருவழியாக வழி பிறந்தது என்று நானும் மகிழ்ந்தேன். ஆனால் அந்தக் காலத்திலேயே, சாயத் தொழிலைக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் கழிவைக் கடலில் விட்டுவிடலாம் என்ற பேச்சும் வலுத்தது. கடலூரை அடுத்த பெரியப்பட்டு வரை அந்தத் திட்டம் வந்தது. நொய்யலில் கூடாதது வங்கக்கடலில் கூடும் என்பதற்கு அங்கே சொல்லப்பட்ட காரணமும் நீர்த்தல்தான்.

'மாதிரி எடுத்துப் பார்த்தோம், எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது' என்ற பதிலையும் விட்டுவிட முடியாது. எந்த மாதிரி? தண்ணீர் மாதிரி. கரைந்த உலோகத்தை அளப்பதற்கு நீரை 0.45 மைக்ரான் துளையுள்ள வடிதாளில் வடிகட்டுவார்கள். வடிதாளில் தங்கியது கணக்கில் வராது. பீக்கரில் வெளுத்த பிஸ்மத்தை வடிகட்டி, கீழே இறங்கிய தெளிநீரை மட்டும் சோதித்தால் 'பிஸ்மத் இல்லை' என்றுதான் முடிவு வரும். இன்னொன்றும் உண்டு. உலோகம் அளக்க எடுக்கும் நீரில் அங்கேயே, அப்போதே நைட்ரிக் அமிலம் சேர்த்து அமிலத்தன்மையை ஏற்றிவைக்க வேண்டும் என்பது முறை. சேர்க்காமல் புட்டியில் அடைத்து ஓரிரு நாள் வைத்தால் உலோகத்தில் ஒரு பகுதி புட்டியின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்துக்குப் போவது இளைத்த நீர். அளவுக்கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் புட்டியின் சுவரில் ஒட்டியதை அது அளக்காது. 'வரம்புக்குள்' என்ற சொல்லைப் பத்திரிகைகள் அச்சிடுவதற்கு முன் இந்த இரண்டு கேள்வியையாவது கேட்டிருக்க வேண்டும்.

வரம்பே செறிவில் வைக்கப்பட்டிருப்பது இன்னொரு சிக்கல். லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்பதை எத்தனை லிட்டரோடும் பெருக்கலாம். ஒரு நாளைக்கு இத்தனை கிலோ ஈயத்துக்கு மேல் இந்தக் குழாயிலிருந்து வரக் கூடாது என்று எடையில் வரம்பு வைத்தால் தண்ணீர் சேர்த்துத் தப்பிக்க வழியில்லை. சேற்றுக்கு லிட்டர்க் கணக்கு தெரியாது. அதற்குள் சேர்வது எடை.

செலவாகும், வேலை போகும் என்று அச்சுறுத்துவார்கள். உலோகம் கரைந்த கழிவில் சுண்ணாம்போ சோடாவோ சேர்த்து ஆலைக்குள்ளேயே விழவைத்து, வடிகட்டி, எடுத்து வைப்பதற்கு வேண்டியது புது விஞ்ஞானம் அல்ல. இதே நீர், இதே வீழ்படிவு; நடக்கும் இடம் உப்பனாறாக இல்லாமல் ஆலையின் தொட்டியாக இருக்க வேண்டும், அவ்வளவே. அப்படி எடுத்த படிவையும் மழையில் கரைய விடாமல் காப்பது கடினம்தான். ஆனால் தொட்டியில் இருக்கும் படிவுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார், எடை இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. சேற்றில் இறங்கியதற்கு இவை ஒன்றுமே இல்லை.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தக் கழிமுகங்களைப் படித்துவருகிறது. சேற்றில் குழாயை இறக்கி அடுக்கு கலையாமல் எடுத்து, மேலிருந்து கீழாக அங்குலம் அங்குலமாக உலோகத்தை அளப்பது அவர்களுக்குப் பழகிய வேலை. மேலடுக்கில் எவ்வளவு, சிப்காட் வருவதற்கு முந்தைய அடுக்கில் எவ்வளவு என்று அந்த அளவீடு சொல்லிவிடும். முதுநகர் முகத்துவாரத்திலும், உப்பனாற்றின் மேலும் கீழும், குழாய் திறக்கும் இடத்தைச் சுற்றியும், ஒப்பிடுவதற்கு ஆலைகளே இல்லாத ஓர் இடத்திலும் இதை ஆண்டுதோறும் எடுக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும். வடிகட்டிய நீர், வடிகட்டாத நீர், சேறு, மட்டி என்று நான்கு எண்களையும் தமிழில் அச்சிட்டு ஈச்சங்காட்டிலும் குடிகாட்டிலும் சோனாங்குப்பத்திலும் ஒட்ட வேண்டும். அந்த எண்கள் கையில் இல்லாமல் கலெக்டர் தலைமையில் அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தால், அங்கே கடலின் அளவைப் பற்றிப் பேச யாருக்கும் அனுமதி தரக் கூடாது.